மெய்யும் படியும்

சில ஆண்டுகளுக்கு முன், எம் பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவர்களை ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகத்திற்கு அழைத்துச் சென்றிருந்தேன். மணற்கல் துண்டு ஒன்றின் முன் நின்றோம். தேய்ந்த எழுத்துகள் சில அதன்மேல் மங்கலாகத் தெரிந்தன. அப்பொழுது மாணவன் ஒருவன், "ஐயா, இந்தக் கல்லின் படம் திறன்பேசியிலேயே இருக்கிறதே! இதைவிடத் தெளிவாகவும் தெரிகிறதே! இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று கேட்டான். அன்று நான் சொன்ன விடை அவனுக்கும் நிறைவளிக்கவில்லை, எனக்கும் நிறைவளிக்கவில்லை. மின்னிலக்கத் தொழில்நுட்பம் அரும்பொருளகங்களுக்குள் விரைந்து நுழைந்துவரும் இந்நாளில், அக்கேள்விக்கு விடை காண்பது ஆசிரியராகிய நம் கடமை.

அக்கல்லின் வரலாற்றை முதலில் அறிவோம். சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் ஏறத்தாழ 10 அடி உயரமுள்ள பாறையாக அது நின்றது. அதன்மேல் சுமார் 50 வரிகள் பொறிக்கப்பட்டிருந்தன. 1843ஆம் ஆண்டில், கட்டுமானப் பணிக்கு இடம் வேண்டுமென்று அதனை வெடிவைத்துத் தகர்த்தனர். எஞ்சிய துண்டுகளுள் ஒன்றையே நாங்கள் கண்டோம். அதன் எழுத்தை ஐயத்திற்கு இடமின்றிப் படித்தவர் எவரும் இலர்.

பாறை தகர்க்கப்படுவதற்கு முன்னரே வில்லியம் பிளாண்ட் என்பவர் மென்மையாகப் பிசைந்த மாவை எழுத்துகளின்மேல் அழுத்திப் படி எடுத்தார். அப்படி 1837ஆம் ஆண்டில் கல்கத்தாவின் ஆசியக் கழக இதழில் வெளிவந்தது. இன்று ஒளிக்கதிர் கொண்டு ஒரு பொருளின் மேடுபள்ளங்களை எல்லாம் அளந்து கணினியில் ஏற்றும் முறைக்கு அந்த மாவுருண்டையே மூதாதை எனலாம். கருவி மாறியது, நோக்கம் மாறவில்லை. அழியக்கூடியது அழியுமுன் அதன் வடிவையேனும் காப்பதே அந்நோக்கம்.

இந்நோக்கத்தை எவரும் குறைகூற இயலாது. 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள், பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரில் இருந்த தேசிய அரும்பொருளகம் தீக்கிரையாயிற்று. சுமார் 2 கோடிப் பொருள்களைக் கொண்டிருந்த தொகுப்பின் பெரும்பகுதி அழிந்தது. பேசுவோர் அற்றுப்போன பழங்குடி மொழிகளின் ஒலிப்பதிவுகளும் அவற்றுள் அடங்கும். படி எடுத்து வேறோரிடத்தில் வைத்திருந்தால் அக்குரல்கள் பிழைத்திருக்கும். மொழியை உயிரென மதிக்கும் நமக்கு அவ்விழப்பின் ஆழத்தை எடுத்துரைக்கத் தேவையில்லை. ஆகவே படி எடுத்தல் அறமே என்பதில் ஐயமில்லை.

அவ்வாறாயின் தீங்கு எங்கே தொடங்குகிறது? என் சொந்தத் தவற்றிலிருந்தே இதற்கு விடை கூறுகிறேன். சுற்றுலா முடிந்து பள்ளி திரும்பிய பின், கணினியால் வரையப்பட்ட படம் ஒன்றை வகுப்பறைச் சுவரில் ஒளிபாய்ச்சிக் காட்டினேன். அதில் அப்பாறை ஆற்றங்கரையில் முழுமையாக நின்றது. எழுத்துகள் நேற்றுச் செதுக்கியவைபோல் விளங்கின. மாணவர்கள் வியந்தனர், நானும் மகிழ்ந்தேன். அடுத்த வாரம் சுற்றுலாவைப் பற்றிக் கட்டுரை எழுதப் பணித்தேன். நன்றாகப் படிக்கும் மாணவி ஒருத்தி, "10 அடி உயரமான கல்லைக் கண்டோம், அதன் எழுத்துகள் மிகத் தெளிவாக இருந்தன" என்று எழுதியிருந்தாள். தன் கண்ணால் கண்ட உடைந்த துண்டை அவள் மறந்துவிட்டாள். அவள் பொய் எழுதவில்லை. நான் காட்டிய படம் அவள் கண்ட மெய்யை அழித்துவிட்டது. சிவப்பு மையால் திருத்த வேண்டியது அவள் கட்டுரையை அன்று, என் பாடத்தை.

இங்கேதான் அறத்தின் கேள்வி எழுகிறது. அரும்பொருளகம் காட்டுபவை மூவகை: இன்றும் இருப்பவை, மறைந்துபோயினும் முன்னோர் பதிந்து வைத்தவை, நாம் ஊகிப்பவை. திரையில் இம்மூன்றும் ஒரே ஒளியுடன் திகழ்கின்றன. உடைந்த கல் தன் காயத்தை மறைப்பதில்லை. கணினியோ காயத்தை மூடி அழகு செய்துவிடுகிறது. சிதைந்த வரிகளில் இன்ன எழுத்து இருந்திருக்கலாம் என்று கணிக்கக் கணினியின் துணையை நாடும் ஆய்வாளரும் இன்று உளர். அம்முயற்சி போற்றத்தக்கது. ஆனால் 'இருந்திருக்கலாம்' என்பது 'இருந்தது' என்று மாறும் கணத்தில் ஆய்வு பொய்ச்சான்றாகிவிடும். வாய்மைக்கு ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரின் வழியில் வந்தவர் நாம். ஊகத்திற்கு மெய்யின் உடை அணிவிக்கலாமா?

கற்பனையே கூடாது என்பது என் கருத்தன்று. அதே அரும்பொருளகத்தில் 2016ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 'காட்டின் கதை' என்னும் காட்சியில், மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் ஆட்சி செய்த வில்லியம் ஃபார்குவாரின் தொகுப்பிலுள்ள 477 இயற்கை ஓவியங்களுள் 69 உயிர்பெற்று அசைந்தன. சுவரெங்கும் விலங்குகள் உலவக் கண்ட பிள்ளைகள் ஆர்ப்பரித்தனர். அது கலை, தன்னைக் கலையென்றே அறிவித்துக்கொண்டது. எனினும் அவ்வோவியங்களைத் தீட்டிய சீன ஓவியர்களின் பெயர்கள் நமக்குக் கிட்டவில்லை. ஓவியத்திற்கு அசைவு தந்த கருவியால் ஓவியனுக்குப் பெயர் தர இயலவில்லை. இதையும் பிள்ளைகளுக்குச் சொன்னால்தான் பாடம் முழுமை பெறும்.

'தெரியாது' என்று சொன்னால் மாணவரின் ஆர்வம் குன்றும் என்று சிலர் அஞ்சுவர். என் பட்டறிவு அதற்கு மாறானது. நடந்ததைக் கூறி அப்படத்தை மீண்டும் காட்டினேன். எது கல், எது படி, எது ஊகம் எனப் பிரித்தெழுதச் சொன்னேன். "இதுவரை யாருமே படிக்கவில்லையா, ஐயா?" என்று கேட்டவள் அதே மாணவிதான். அவ்வினாவில் இருந்த ஆர்வத்தை எந்தத் திரையும் தந்ததில்லை.

அன்று வினவிய மாணவனுக்கு இன்று இவ்வாறு விடை கூறுவேன்: "தம்பி, படத்தில் எழுத்து தெளிவாகத் தெரியும். ஆனால் எவ்வளவு இழந்தோம் என்பதைக் கல்தான் சொல்லும். இரண்டையும் பார், ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிடாதே."