கழித்தல் கணக்கு

இறந்தவர்களை எண்ணுவதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒவ்வொரு உடலாகப் பார்த்து, இவர் இன்ன வியாதியால் போனார் என்று எழுதிக்கொண்டே போவது ஒரு வழி. என்ன வியாதி என்றே கேட்காமல், இந்த வருஷம் மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள், வழக்கமாக எத்தனை பேர் இறப்பார்கள் என்று பார்த்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பது மற்றொரு வழி. முதல் வழி டாக்டருடையது. இரண்டாவது, கடைக்காரருடையது. கல்லாவில் பணம் குறைந்தால், யார் எடுத்தார் என்று தெரியாவிட்டாலும் எவ்வளவு குறைகிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், இரண்டாவது வழியை முதன்முதலாகச் செய்து காட்டியவர்களில் ஒருவர் உண்மையிலேயே கடைக்காரர்தான். லண்டனில் பொத்தான், நாடா முதலிய சில்லறைச் சாமான்கள் விற்ற ஜான் கிரான்ட் என்பவர் அவர். அந்த நகரத்தில் வாரந்தோறும் மரணப் பட்டியல் அச்சடித்து விற்பார்கள். ஜனங்கள் அதை வாங்கிப் படித்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். கிரான்ட் பழைய பட்டியல்களையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு கூட்டினார், கழித்தார். 1662-ல் ஒரு சிறு புத்தகம் போட்டார்.

1625-ல் லண்டனில் பெரிய பிளேக். பட்டியலின்படி பிளேக்கினால் இறந்தவர்கள் 35 ஆயிரத்துச் சொச்சம். அதே வருஷம் மற்ற வியாதிகளால் இறந்தவர்கள் 18 ஆயிரத்துக்கு மேல். ஆனால் முன்னும் பின்னும் இருந்த சாதாரண வருஷங்களில் மற்ற வியாதிகளால் இறந்தவர்கள் ஏழாயிரம், எட்டாயிரம் பேர்தான். மற்ற வியாதிகளெல்லாம் பிளேக்கோடு பேசி வைத்துக்கொண்டா அந்த வருஷம் வந்தன? மிச்சமுள்ள சுமார் 11 ஆயிரம் பேரும் பிளேக்கில் போனவர்களே என்று கிரான்ட் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அவர்கள் ஏன் பட்டியலில் ஒளிந்துகொண்டார்கள்? பிணத்தைப் பார்த்து வியாதியைச் சொல்லும் வேலை ஏழைக் கிழவிகளுடையது. பிளேக் என்று அவள் சொல்லிவிட்டால் அந்த வீட்டுக் கதவை வெளியே பூட்டி, அதன் மேல் சிவப்புச் சிலுவை போட்டுவிடுவார்கள். நோய் இல்லாதவர்களும் உள்ளேதான் கிடக்க வேண்டும். மூத்த பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய், மற்ற இரண்டு பிள்ளைகளையும் அந்த வீட்டுக்குள் வைத்துப் பூட்டச் சம்மதிப்பாளா? கிழவியின் உள்ளங்கையில் ஒரு காசு விழுந்திருக்கும். பட்டியலில் 'காய்ச்சல்' என்று ஏறியிருக்கும்.

அந்தத் தாயின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கதை எழுதுகிறவனுக்கு அவள் மீதுதான் கண் போகும். அவள் பொய்யில் உயிருள்ள இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள். ஆனால் பதினோராயிரம் வீடுகளின் பொய்களும் சேரும்போது, அடுத்த தெருவுக்கு வந்துவிட்ட ஆபத்து ஊருக்குத் தெரியாமல் போகிறது. ஒவ்வொருவரும் மன்னிக்கத் தக்கவர்; எல்லாருமாகச் சேர்ந்து ஊரை ஏமாற்றியிருக்கிறார்கள்.

ஓர் அரசாங்கம் அதே காரியத்தைச் செய்தால் அதே மன்னிப்பு உண்டா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொரோனாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2020, 2021 ஆகிய இரண்டு வருஷங்களில் அந்நோயால் இறந்ததாக உலக நாடுகள் அறிவித்தது 54 லட்சம் பேர். 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் கழித்தல் கணக்குப் போட்டு, கூடுதலாக இறந்தவர்கள் 1 கோடியே 49 லட்சம் என்றது. அதில் இந்தியாவின் பங்கு 47 லட்சம். நம் அரசாங்கம் சொன்னதோ 4 லட்சத்து 81 ஆயிரம்தான்! இந்தக் கணித முறை நம் தேசத்துக்குப் பொருந்தாது என்று டில்லி மறுத்தது. மறுப்பில் கொஞ்சம் நியாயம் இல்லாமல் இல்லை. எல்லாச் சாவுகளும் பதிவாகாத தேசத்தில் ஊகம் கலக்கத்தான் செய்யும். அந்த நிறுவனமே 33 லட்சத்திலிருந்து 65 லட்சம் வரை இருக்கலாம் என்று இடைவெளி விட்டுத்தான் சொன்னது.

ஆனால் 2025-ல் அரசாங்கத்தின் சொந்தப் பதிவேடு வெளிவந்தது. 2020-ல் பதிவான மரணங்கள் 81 லட்சம்; 2021-ல் 1 கோடியே 2 லட்சம். ஒரே வருஷத்தில் 21 லட்சம் ஏற்றம். பதிவு செய்கிறவர்கள் வருஷா வருஷம் பெருகி வருவது உண்மை. அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும், அந்த வருஷத்துக்குக் கொரோனா என்று ஒப்புக்கொண்ட மூன்றேகால் லட்சத்துக்கும் இதற்கும் நடுவே எவ்வளவு தூரம்! 1625-ல் காசு வாங்கிய கிழவி பசித்தவள். இங்கே அப்படிப் பசித்தவர் யார்?

"பேர் தெரியாத எண்ணிக்கையால் யாருக்கு என்ன லாபம்?" என்று சிலர் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். கொரோனாவில் இறந்தவரின் குடும்பத்துக்கு 50 ஆயிரம் ரூபாய் நிவாரணம் என்று 2021-ல் ஏற்பாடாயிற்று. அதற்குக் காகிதம் வேண்டும். கழித்தல் கணக்கு யாருக்கும் காகிதம் கொடுக்காது. 'அந்த 21 லட்சத்தில் உங்கள் அப்பாவும் ஒருவர்' என்று எந்தக் கணித மேதையாலும் சொல்ல முடியாது. இதற்கு மறுபக்கமும் உண்டு. 2020-ல் நியூஸிலாந்தில் எதிர்பார்த்ததைவிடக் குறைவானவர்களே இறந்தார்கள். அதனால் பிழைத்தவர்கள் இன்றும் கடைத்தெருவில் நடமாடுகிறார்கள். தாங்கள்தான் அவர்கள் என்று அவர்களுக்கே தெரியாது. இருந்தும் அவர்கள் இருக்கிறார்கள் அல்லவா? பேர் தெரியாததால் ஒருவர் இல்லாமல் போய்விடுவதில்லை. அந்த 21 லட்சத்துக்கும் அதே நியாயம்தான். இருந்தார்கள், போனார்கள் என்று ஒப்புக்கொள்வதாவது அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன்.

என்னைத் தொந்தரவு செய்வது வேறொன்று. கழிக்க வேண்டுமானால், 'வழக்கமான சாவு' என்று ஓர் எண்ணை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். 'எதிர்பார்த்த மரணங்கள்' என்று அதற்குப் பெயர். எவ்வளவு அமைதியான பெயர்! கொரோனாவுக்கு முந்திய வருஷங்களில் இந்தியாவில் காசநோயால் ஆண்டுதோறும் நான்கு லட்சத்துக்கு மேல் இறந்துகொண்டிருந்தார்கள். மருந்து உண்டு, குணமாகும் வியாதி. ஆனால் இவர்கள் எந்த வருஷத்திலும் கூடுதலாக மாட்டார்கள். கழிக்கிற எண்ணுக்குள்ளேயே அடங்கிவிடுகிறார்கள்.

கிரான்டின் புத்தகத்திலும் அப்படி ஓர் இடம் இருக்கிறது. பிளேக்கைப் பற்றிய பேச்சே இல்லை. அந்த நகரத்தில் உண்டான நூறு குழந்தைகளில் 36 பேர் ஆறு வயதுக்குள் இறந்துவிடுவார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார். அது சாதாரண வருஷங்களின் கணக்கு.