சைக்கிளைவிட்டு இறங்குவதா?

பறித்த பிறகு அன்னாசியில் இனிப்பு ஏறுவதில்லை. ஆகவே, பொந்தியான் மாவட்டத்துப் பெக்கான் நானாஸின் கரிய சதுப்பு மண்ணில், முள்ளிலைகளுக்கிடையே நடக்கும் தொழிலாளி, பழத்தின் அடிக்கண்களில் மஞ்சள் படர்ந்திருக்கிறதா என்று பார்த்தே கத்தியை வைத்தல் வேண்டும். ஒவ்வொரு செடியருகேயும் ஒரு மேற்பார்வையாளரை நிறுத்த முடியாது. தொழிலாளியின் கையைக் கூலி கொடுத்து வாங்கிவிடலாம். அவனது கருத்தை எவ்விதம் வாங்குவது?

அதட்டித்தான் வாங்க வேண்டும் என்பது தோட்டத்துரைமார் நெடுங்காலம் கொண்டிருந்த அபிப்பிராயம். "கூலி சோம்பேறி" என்பார்கள். கீழ்த்திசை மக்களைச் சோம்பேறிகள் என்ற பேச்சு, காலனியாட்சி தன் நலத்துக்காகப் புனைந்த கட்டுக்கதையே என்று சையத் உசேன் அலாதாஸ் 1977இல் ஒரு நூலே எழுதினார். நம்மவருக்கோ அதற்கு முன்பே கிள்ளான் சாட்சி இருந்தது.

1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் நம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்றனர். கூலி உயர்வு கேட்டார்கள். பிள்ளைகளுக்கு நல்ல கல்வி கேட்டார்கள். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். இவற்றோடு இன்னொன்றும் கேட்டார்கள்: துரையையோ ஆசிய உத்தியோகஸ்தரையோ வழியில் கண்டால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். மே மாதம் நாதன் கைதானார். துருப்புகள் வந்தன, தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர்.

இறங்கி ஏற ஒரு நிமிஷம் போதும், காசும் செலவில்லை. பின் ஏன் அதைக் கூலிக்குச் சமமாக வைத்துக் கேட்டனர்? வேலை நேரம் முடிந்த பின்னும், தன் சொந்தப் பணத்தில் வாங்கிய வண்டியின்மீதும், தான் தனக்கு உரியவனல்லன் என்பதை அந்த ஒரு நிமிஷம் அவனுக்குச் சொல்லிற்று. அப்படிச் சொல்லப்பட்டவன் மறுநாள் மரத்தின்முன் நிற்கையில், கட்டளைக்கு மேல் ஒரு துளியும் தர மாட்டான். "சொன்னதைச் செய்தேன்" என்பான். துரை அதையே சோம்பல் என்று எழுதிவைப்பார்!

நிற்க. "ஆசிய உத்தியோகஸ்தர்" என்ற சொல்லை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். துரைமுன் கைகட்டி நின்ற கிராணிகளில் நம்மவரும் இருந்தனர். மேலே வாங்கிய அவமானத்தைக் கீழே இறக்கி வைத்தனர். தோட்டம் விட்டுத் தொழிற்சாலைக்கு வந்த நாமும் அதை விட்டுவிட்டோமா? நம் பிள்ளை சூப்பர்வைசர் ஆனதும், வங்காளதேசத்திலிருந்து வந்த தொழிலாளியை "டேய்" என்றழைப்பதை நாம் காதாரக் கேட்டிருக்கிறோம்.

"மரியாதை கொடுத்தால் தலைக்கேறுவான்" என்கிறான் அப்பிள்ளை. பிழையைக் கண்டிக்க வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. கண்டிப்பு வேறு, இழிவு வேறு. இரவு வேலையில் இயந்திரத்தின் ஓசை மாறினால் முதலில் அறிபவன் அதனருகே நிற்கும் அந்த அயலானே. அதை ஓடிவந்து சொல்வதோ, பேசாமலிருப்பதோ அவன் விருப்பம். கடைசியாக அவன் எப்போது உன்னிடம் வந்து ஒன்றைச் சொன்னான் என்று பிள்ளையைக் கேட்டோம். வெகுநேரம் யோசித்தான்.