சேர்த்து வைப்பதா, துணை நிற்பதா?

குடும்பத்தைக் காப்பது அறம். மனிதரைக் காப்பதும் அறம். இவ்விரண்டும் ஒரே வாசலில் எதிரெதிரே வந்து நிற்கும்போது எதற்கு முதலிடம் தருவது? ஏட்டளவில் மட்டும் எழும் வினாவன்று இது. நம் ஊர்களில் இயங்கும் குடும்ப நல ஆலோசனை மையங்கள், பெண்களுக்கான அடைக்கல இல்லங்கள், சட்ட உதவி வழங்கும் தன்னார்வ அமைப்புகள் ஆகியவற்றின் மேசைமீது அன்றாடம் வந்து விழும் வினா.

கணவனிடம் அடிபட்ட பெண்ணொருத்தி கைக்குழந்தையோடு அத்தகைய மையமொன்றிற்கு வருகிறாள் என்று கொள்வோம். அவள் பின்னாலேயே மாமியாரும் வருகிறார். அவளுடைய தாய்மாமனும் வருகிறார். ‘எப்படியாவது பேசிச் சேர்த்து வைத்துவிடுங்கள்’ என்பதே இருதரப்பாரின் வேண்டுதல். ‘இனிமேல் அடிக்க மாட்டேன்’ என்று கணவன் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிடுகிறான். பெண் திரும்பிச் செல்கிறாள். மையத்தின் ஆண்டறிக்கையில் ‘சமரசம் செய்யப்பட்டவை’ என்னும் தலைப்பின்கீழ் ஓர் எண் கூடுகிறது. அந்த வீட்டில் அடுத்த மாதம் என்ன நடந்தது என்று எழுதுவதற்கு அவ்வறிக்கையில் இடம் இருப்பதில்லை.

சமரசம் இழிவானதன்று. மனத்தாங்கலாலும் கடன் தொல்லையாலும் பிரிந்த எத்தனையோ இணையர் பக்குவமுள்ள ஒருவரின் சொல் கேட்டு மீண்டும் இணைந்து நன்றாகவே வாழ்கின்றனர். ஆனால் சச்சரவு வேறு, வன்முறை வேறு. சச்சரவில் இருவரும் பேசுகிறார்கள். வன்முறையில் ஒருவர் பேச, மற்றவர் அஞ்சுகிறார். அச்சுறுத்துபவரையும் அஞ்சுபவரையும் அருகருகே அமரவைத்து ‘இருவரும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்’ என்பது நடுநிலைமைபோலத் தோன்றும். உண்மையில் அது முன்பே தாழ்ந்திருக்கும் தட்டில் மேலும் ஒரு கல்லை வைப்பதாகும்.

நம் நாட்டின் சட்டம் இதனை உணர்ந்திருக்கிறது என்பது பலரும் கவனியாத செய்தி. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. பதிவு செய்துகொண்ட தன்னார்வ அமைப்பு நடந்ததை அறிக்கையாக எழுதி நடுவருக்கும் பாதுகாப்பு அலுவலருக்கும் அனுப்பலாம். பெண்ணுக்கு மருத்துவப் பரிசோதனை செய்விக்கலாம். அடைக்கல இல்லத்தில் இடம் கிடைக்கச் செய்யலாம். ஆனால் அறிக்கை எழுதுவது அவள் விரும்பினால். அடைக்கலம் அவள் கேட்டால். இச்சிறு நிபந்தனைதான், என் கருத்தில், அச்சட்டத்தின் உயிர்நாடி. ஆலோசனை பற்றிய 2006-ஆம் ஆண்டு விதிகளும் கருதத்தக்கவை. வன்முறை செய்தவர் தம் செயலுக்கு நியாயம் கற்பிப்பதற்கு ஆலோசனையில் இடமில்லை என்பதை அவரிடமே முன்கூட்டித் தெரிவித்துவிட வேண்டும் என்று அவை பணிக்கின்றன. ‘சோறு நேரத்துக்கு வைக்கவில்லை, அதனால் கை ஓங்கினேன்’ என்ற பேச்சை மையத்தின் வாசலிலேயே விட்டுவிட வேண்டும் என்பது பொருள். நம் மையங்கள் எத்தனையில் இவ்விதி நினைவுகூரப்படுகிறது?

வெளியேறு, அல்லது சகித்துக்கொள் என்ற இரண்டே வழிகளைத்தான் நெடுங்காலம் பெண்ணுக்குக் காட்டினோம். இச்சட்டம் மூன்றாவது வழியைத் திறந்தது. கணவனோடு வாழ்ந்த இல்லத்தில் வசிக்கும் உரிமை அவளுக்கு உண்டு. தேவையெனில் அவனை வெளியேறச் சொல்லவும் நடுவருக்கு அதிகாரம் உண்டு.

குடும்பம் புனிதமானது, அதனைப் பிரிக்கலாமா என்று நம்மிடையே கேட்போர் உளர். மண உறவின் முறிவுபடாமையைப் போதிக்கும் திருச்சபையே, வாழ்க்கைத் துணையின் உடலுக்கோ ஆன்மாவுக்கோ கடும் ஆபத்து விளைவிப்பவரிடமிருந்து பிரிந்து வாழ்வதற்கு 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் இடம் தந்துள்ளது என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம்.

வரலாற்றிலும் சான்று உண்டு. பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து விலகி வந்த இளம்பெண்களை ஏற்க விடுதிகள் மறுத்தபோது, மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி தம் இல்லத்திலேயே அவர்களுக்கு இடமளித்தார். 1930-இல் ஔவை இல்லம் தோன்றியது அவ்வாறே. அச்சிறுமியரை ‘உற்றாரோடு சேர்த்து வைத்திருந்தால்’ எதனோடு சேர்த்து வைத்ததாக இருந்திருக்கும்?

எனினும் இதற்கு மறுபுறமும் உண்டு. உரிமை பேசும் அமைப்புகளில் சிலர், வரும் பெண்ணிடம் முதல் நாளே ‘அவனை விட்டு வந்துவிடு’ என்கின்றனர். அவள் நான்காம் நாள் வீட்டுக்குத் திரும்பினால் ‘இவர்களுக்கெல்லாம் உதவவே கூடாது’ என்று சலித்துக்கொள்கின்றனர். சேர்த்து வைக்கத் துடிப்பவரும் பிரித்து வைக்கத் துடிப்பவரும் ஒரே பிழையையே செய்கிறார்கள். இருவரும் அவளுக்காகத் தாமே முடிவெடுக்கிறார்கள். திரும்பிச் செல்லும் பெண் அறியாதவள் அல்லள். பிள்ளையின் பள்ளிக்கூடம், தங்கையின் திருமணம், வாடகைக்கு வழியின்மை, அவன்மீது இன்னும் மிஞ்சியிருக்கும் அன்பு, அவன் எப்போது மிகவும் ஆபத்தானவன் ஆவான் என்ற நுண்ணிய கணக்கு ஆகிய அனைத்தையும் எடைபோட்டே அவள் செல்கிறாள். அக்கணக்கு நமக்குப் புரியாமல் இருக்கலாம்.

இதற்கு ஒரு வரம்பு உண்டு. வீட்டில் குழந்தை பாலியல் கொடுமைக்கு ஆளாகியிருப்பது தெரிந்தால், 2012-ஆம் ஆண்டுச் சட்டப்படி அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். அங்கே தாயின் இசைவுக்காகக் காத்திருக்க இயலாது.

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, வன்முறைக்கு ஆளான பெண்களுள் எவரிடமேனும் உதவி நாடியவர்கள் 14 விழுக்காட்டினர் மட்டுமே. 77 விழுக்காட்டினர் உதவி நாடவும் இல்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. நம் மையத்தின் படியேறும் பெண் அந்தப் பெருமௌனத்தைக் கடந்து வந்தவள். ‘போய் அனுசரித்து நட’ என்று நாம் சொன்னால், அவள் இன்னொரு முறை படியேறுவாள் என்பதற்கு யார் உறுதி?

அவள் திரும்பிச் செல்வதென்றே முடிவு செய்தாலும் மையத்திற்கு வேலை இருக்கிறது. குடும்ப அட்டை, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை வாங்கி அலமாரியில் பத்திரப்படுத்தலாம். நள்ளிரவில் ஓடிவர நேர்ந்தால் எந்தத் தெரு வழியே வருவது, யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று அவளோடு அமர்ந்து பேசலாம். எந்த எண்ணுக்கு அழைப்பது என்பதை, எழுதிக் கொடுக்காமல், மனப்பாடம் செய்யச் சொல்லலாம். தாள் என்றால் அவன் கண்ணில் பட்டுவிடும்.