சஸ்பென்ஸ் அக்கவுன்ட்

வீட்டில் ஒரு கண்ணாடி டம்ளர் விழுந்து உடைகிறது. அடுத்த அறையில் இருக்கும் நீங்கள் என்ன குரல் கொடுப்பீர்கள்? 'எப்படி உடைஞ்சது?' என்றா, 'யாரு உடைச்சது?' என்றா? உண்மையைச் சொல்லுங்கள். பெரும்பாலான வீடுகளில் இரண்டாவது கேள்விதான். சில வீடுகளில் கேள்வியே கிடையாது. நேராகத் தீர்ப்புதான்: 'டேய், என்னத்தடா போட்டு உடைச்ச?'

இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? அதைக் காட்ட ஒரு கம்ப்யூட்டரைத் துணைக்கு அழைக்கிறேன்.

புதுக்கோட்டையில் எனக்கு ஓர் உறவுக்காரர் வீடு. கீழ ராஜ வீதியிலிருந்து நடந்தே போய்விடலாம். பழைய வீடு. வயரிங்கும் வீட்டின் வயசுதான். கல்லூரியில் சேர்ந்த பையன் அடம்பிடித்து ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வாங்கினான். எட்டு மாதம் ஒழுங்காக ஓடியது. ஒன்பதாவது மாதம் வியாதி வந்தது. மெயில் பார்த்தால் ஒன்றுமில்லை. சினிமா பார்த்தாலும் ஒன்றுமில்லை. கேம் ஆரம்பித்து அரை மணி ஆனால் போதும், பொசுக்கென்று அணைந்துவிடும். பிறகு தானாகவே எழுந்திருக்கும். நாளுக்கு நாலைந்து தடவை.

வீடு முழுக்க நீதிபதிகள்.

"ராத்திரி பகலா அதையே போட்டு வதைச்சா மெஷின் என்னதான் பண்ணும்?" இது அப்பா.

"சித்திரை வெயில்டா. மனுஷனுக்கே தாங்கல, அதுக்குச் சூடு ஏறாதா?" இது அம்மா.

"கடைக்காரர் மட்டமான பார்ட்ஸ் போட்டு ஏமாத்திட்டார்ப்பா." இது பையன்.

"நம்ம பொருள்ல குறை இருக்காது சார். உங்க ஏரியா கரண்ட்தான் சரியில்ல." இது கடைக்காரர்.

"லைன்ல ஒரு கோளாறும் இல்லீங்க, வீட்டு வயரிங்கைப் பாருங்க." இது லைன்மேன். அவர் தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்கிறார் என்று யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடைசியில் தண்டனை யாருக்கு? கடைக்காரர் கைக்கு எட்டமாட்டார், சூரியனும் எட்டமாட்டார். எட்டியவன் பையன்தான். பெட்டி பீரோ மேலே ஏறியது. மூன்று வாரம் அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்ளவில்லை.

அப்புறம்தான் ஒரு மெக்கானிக் வந்தார். இருபத்தைந்து வயசு இருக்கும். யார் சொன்னதையும் மறுக்கவில்லை, யார் சொன்னதையும் நம்பவும் இல்லை. "ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் சார் மாத்தணும். ரெண்டை மாத்தினா, எதனால சரியாச்சுன்னே தெரியாது" என்றார்.

தூசு தட்டினார். சூடு எவ்வளவு ஏறுகிறது என்று ஓடவிட்டுப் பார்த்தார். அளவோடுதான் இருந்தது. ராத்திரி முழுக்க மெமரிக்கு டெஸ்ட். பாஸ். தன் கையில் இருந்த வேறு எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாட்டினார். அப்போதும் அணைந்தது. பெட்டியைத் தன் கடைக்குத் தூக்கிப் போய் அதே கேமை மூன்று மணி நேரம் ஓட்டினார். அணையவே இல்லை! வீட்டுக்குக் கொண்டுவந்தால் அரை மணியில் போச்சு. அப்படியென்றால் பெட்டி நிரபராதி. பக்கத்து அறை ப்ளக்கில் செருகிப் பார்த்தார். ஓடியது.

பழைய ப்ளக் பாயின்ட்டின் திருகாணிகளைக் கழற்றினார். உள்ளே ஒரு முனை லூஸாகி, கருகிப் போயிருந்தது. மெயில் பார்க்கும்போது கம்ப்யூட்டர் கொஞ்சம்தான் கரண்ட் இழுக்கும். கேம் ஆடும்போது கிராஃபிக்ஸ் கார்டு முழு மூச்சில் வேலை செய்யும், இழுப்பு பல மடங்கு ஏறும். லூஸ் முனை சூடாகும், தொடர்பு ஒரு கணம் விட்டுப்போகும். கம்ப்யூட்டருக்கு அந்த ஒரு கணம் போதும். ரிப்பேர் செலவு முந்நூறு ரூபாய்க்குள்.

இப்போது யோசியுங்கள். அப்பா சொன்னது பொய்யா? இல்லையே, கேம் ஆடினால்தானே அணைந்தது. அம்மா சொன்ன சூடும் இருந்தது, பெட்டிக்குள் இல்லை, சுவருக்குள். கடைக்காரர் சொன்ன கரண்ட்டும் சம்பந்தப்பட்டதுதான். லைன்மேன் ஏறக்குறைய முழுசாகவே சொல்லிவிட்டார். எல்லோர் கையிலும் காரணத்தின் ஒரு துண்டு இருந்தது. தவறு எங்கே நடந்தது? கிடைத்த துண்டை அவரவர் குற்றப்பத்திரிகையாக எழுதினார்களே, அங்கே. 'கேம் ஆடினால் அணைகிறது' என்பது பார்த்தது. 'கேம் ஆடுகிறவன்தான் கெடுத்தான்' என்பது தீர்ப்பு. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு நாம் ஒரே தாவலில் போய்விடுகிறோம்.

ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற ஆங்கிலத் தத்துவவாதி 1843-ல் தர்க்கத்தைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். மற்றதெல்லாம் அப்படியே இருக்க, ஒன்றே ஒன்றை மாற்றும்போது விளைவும் மாறினால், காரணத்துக்கும் அந்த ஒன்றுக்கும் உறவு உண்டு என்று அதில் விளக்கினார். நம் மெக்கானிக் மில்லைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அவர் செய்தது அதேதான்.

'கம்ப்யூட்டரே சொல்லிவிடாதா, தனக்கு என்ன கோளாறு என்று?' என்று கேட்பீர்கள். சொல்லும். விண்டோஸில் ஈவென்ட் வ்யூவர் என்று ஒரு டைரி இருக்கிறது. இப்படி அணைந்து எழுந்ததும் அதில் 'கெர்னல் பவர் 41' என்று சிவப்பில் ஒரு பதிவு விழும். 'பவர்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் எஸ்.எம்.பி.எஸ். வாங்க ஓடுகிறவர்கள் ஏராளம். உண்மையில் அந்தப் பதிவுக்கு அர்த்தம், 'போன தடவை நான் முறைப்படி அணையவில்லை' என்பது மட்டும்தான். இறந்தவர் இறந்துவிட்டார் என்று கொடுக்கும் சர்ட்டிஃபிகேட் மாதிரி.

சில சமயம் இந்தச் சாட்சி பொய்யும் சொல்லும். 2022, 2023-ல் வெளிவந்த இன்டெல் கம்பெனியின் 13-ம், 14-ம் தலைமுறை ப்ராசஸர்கள் போட்ட கம்ப்யூட்டர்களில், உலகம் முழுக்க கேம்கள் பாதியில் விழுந்தன. திரையில் வந்த செய்தி, 'வீடியோ மெமரி போதவில்லை.' 24 ஜி.பி. மெமரி உள்ள, விலை உச்சத்தில் இருந்த கார்டு வைத்திருந்தவர்களுக்கும் அதே செய்தி! அதை நம்பி கார்டை மாற்றினவர்கள் உண்டு. கேம் எழுதியவர்களைத் திட்டினவர்கள் உண்டு. 2024 ஏப்ரலில் விரல் மதர்போர்டு கம்பெனிகள் பக்கம் நீண்டது. அந்த ஜூலையில் இன்டெல்லே ஒப்புக்கொண்டது: ப்ராசஸருக்குள் இருக்கும் மைக்ரோகோட் என்ற உள்கட்டளை, தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தது. திருத்தம் வந்தது. வாரன்ட்டியையும் இரண்டு வருஷம் நீட்டினார்கள். ஆனால் ஏற்கெனவே பழுதான ப்ராசஸர்களை அந்தத் திருத்தத்தால் குணப்படுத்த முடியவில்லை. இந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பி.காம். படித்தவன். கணக்குப் படித்தவர்களுக்கு ஒரு நல்ல பழக்கம் சொல்லிக்கொடுப்பார்கள். ட்ரையல் பாலன்ஸ் போடும்போது டெபிட்டும் கிரெடிட்டும் ஒத்துப்போகவில்லை, 840 ரூபாய் உதைக்கிறது என்று வையுங்கள். என்ன செய்வீர்கள்? கேஷியர் பெயரில் எழுதிவிட முடியாது. 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்று ஒரு தலைப்புப் போட்டு, அந்த வித்தியாசத்தை அங்கே தற்காலிகமாக உட்கார வைப்பார்கள். பிறகு வவுச்சர் வவுச்சராகத் தேடுவார்கள். பிழை கிடைத்ததும் அதற்குரிய இடத்தில் எழுதி, சஸ்பென்ஸைக் காலி செய்வார்கள். 'வித்தியாசம் இருக்கிறது, காரணம் இன்னும் தெரியாது' என்று நோட்டில் நேர்மையாக எழுதி வைக்க ஓர் இடம். அவ்வளவுதான் அது. ஆனால் அந்த இடம் இல்லாமல் போனால் என்ன ஆகும்?

பிரிட்டனில் ஆனது. அங்கே தபால் நிலையங்களில் 1999 முதல் 'ஹொரைசன்' என்ற கம்ப்யூட்டர் கணக்குமுறை வந்தது. பெரும்பாலும் சின்னச் சின்ன ஊர்களில் கடையோடு சேர்த்துத் தபால் நிலையம் நடத்துகிறவர்கள். சாயந்திரம் கணக்கு முடித்தால் பணம் குறைகிறது என்று திரை சொல்லும். அடுத்த வாரம் இன்னும் குறையும். ஹெல்ப்லைனுக்குப் போன் செய்தால், 'உங்களுக்கு மட்டும்தான் இப்படி' என்று பலருக்குப் பதில் வந்தது. சந்தேகத் தொகையைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்க அவர்களுக்கும் ஒரு சஸ்பென்ஸ் கணக்கு இருந்தது. 2005-ல் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள்! திரை சொன்னதை ஏற்றுக்கொள், குறைந்த பணத்தைக் கட்டு.

கட்டினார்கள். சேமிப்பை, வீட்டை, நகையை விற்றுக் கட்டினார்கள். கட்ட முடியாதவர்கள் திருடர்கள் ஆனார்கள். 2015 வரைக்கும் 900-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தண்டனை. சீமா மிஸ்ரா என்ற இந்திய வம்சாவளிப் பெண் 2010-ல் சிறைக்குப் போனபோது கர்ப்பிணி. கம்ப்யூட்டர் சரியாகத்தான் வேலை செய்யும் என்பதே அங்கே கோர்ட்டின் ஆரம்ப நம்பிக்கை. 2019-ல்தான் உயர்நீதிமன்றம் ஹொரைசனில் பிழைகள் இருந்ததை உறுதிசெய்தது. மிஸ்ராவின் தண்டனை 2021-ல் ரத்தானது. 2024-ல் தனிச்சட்டமே போட்டு மற்றவர்களின் தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்தார்கள். இதற்குள் பலர் இறந்துபோயிருந்தார்கள், சிலர் தற்கொலையில். பழுதான ப்ராசஸரைப் பிந்தி வந்த திருத்தம் குணப்படுத்தாது என்று சொன்னேனே, மனிதர்கள் விஷயத்திலும் அதுவேதான்.

'வெள்ளைக்காரன் ஊர்க் கதை நமக்கு எதற்கு?' என்கிறீர்களா? நம் கதையும் இருக்கிறது. கோவலன். அரண்மனைச் சிலம்பு காணோம். கையில் சிலம்போடு ஒருவன் நிற்கிறான். சாட்சி சொன்ன பொற்கொல்லன்தான் நிஜத் திருடன். உள்ளே இருப்பது முத்தா, மாணிக்கமா என்று உடைத்துப் பார்ப்பது ஒரு நிமிஷ வேலை. மதுரையில் அந்தச் சோதனை நடக்கத்தான் செய்தது, தண்டனைக்குப் பிறகு.

இங்கே நியாயமான ஒரு கேள்வி வரும். 'இப்படி எல்லாவற்றையும் ஒத்திப்போட்டுக்கொண்டே இருந்தால் நிஜமான குற்றவாளி தப்பிவிட மாட்டானா? கண்டுகொள்ளாமல் இருப்பதற்கு இது ஒரு சாக்காகிவிடாதா?' ஆகலாம். அதனால்தான் கணக்கில் இன்னொரு விதியும் உண்டு. சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டை நிரந்தரமாக வைத்திருக்கக் கூடாது. தேடி, தீர்த்து, மூட வேண்டும். வருஷக்கணக்காக மூடாத சஸ்பென்ஸைப் பார்த்தால் எந்த ஆடிட்டரும் புருவத்தை உயர்த்துவார். அது மன்னிப்பும் இல்லை, மறதியும் இல்லை. தேடுவதற்கு எடுத்துக்கொள்ளும் தவணை. பொறுமையாகத் தேடினதால்தான் இன்டெல் பதில் சொல்லும்படி ஆனது. கார்டுதான் குற்றவாளி என்று எல்லோரும் முடிவுகட்டியிருந்தால் யார் தேடியிருப்பார்கள்? அவசரத் தீர்ப்பு ஒரே சமயத்தில் இரண்டு அநியாயம் செய்கிறது. நிரபராதியைப் பிடித்துக்கொள்கிறது. குற்றவாளியைத் தேடுவதையும் நிறுத்திவிடுகிறது.

இன்னொன்றும் கவனித்துப் பாருங்கள். காரணம் தெரியாத இடத்தில் நம் விரல் எப்போதும் பலமானவர் பக்கம் போவதில்லை. புதுக்கோட்டை வீட்டில் பையன் பக்கம் போனது. பிரிட்டனில் சின்ன ஊர்த் தபால்காரர்கள் பக்கம் போனது. யார் பக்கத்தில் இருக்கிறார்களோ, யார் எதிர்த்துப் பேசமாட்டார்களோ, அவர்கள் பெயரில் பற்று எழுதிவிடுகிறோம்.

கம்ப்யூட்டர் கிராஷ் ஆகாத வீடாகக்கூட உங்கள் வீடு இருக்கலாம். ஆனால் மோதிரம் காணாமல் போகாத வீடு உண்டா? வாஷ்பேசின் மேலே வைத்த ஞாபகம், இப்போது இல்லை. பாத்திரம் கழுவ வரும் அம்மா காலையில் வந்துவிட்டுப் போயிருக்கிறார். வீட்டில் யாராவது மெதுவாக ஆரம்பிப்பார்கள்: 'நான் ஒண்ணும் சொல்லல... ஆனா இன்னிக்கு வேற யாரு வந்தா?'

அந்த வாக்கியம் அங்கேயே நிற்கட்டும். முதலில் வாஷ்பேசின் பைப்பைக் கழற்றிப் பாருங்கள்.