தாழ்ப்பாள் யார் கையில்?

என்னிடம் தமிழ் படித்த மாணவி ஒருத்தி இப்போது இணையதளங்கள் உருவாக்கும் வேலையில் இருக்கிறாள். எந்தப் படிவத்தைப் பார்த்தாலும் அவள் கேட்பது ஒன்றுதான்: "இது எதற்கு?" புத்தகம் வாங்க வரும் பெண்ணிடம் பிறந்த தேதி எதற்கு? கணவர் பெயர் எதற்கு? அவள் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாள், எதைத் தொட்டாள், எவ்வளவு நேரம் நின்றாள் என்று மூன்றாம் ஆளுக்குச் சொல்லும் நிரல் துணுக்கு எதற்கு? "வாங்காத தகவல் திருட்டுப் போகாது மேடம்" என்பாள். உடன் வேலை செய்பவர்களோ, "மறைக்க ஒன்றுமில்லாதவர்கள் ஏன் பயப்பட வேண்டும்?" என்கிறார்களாம்.

பெண்கள் இந்தக் கேள்வியை முதலில் கேட்டது வீட்டில். கடிதத்தைப் பிரித்த அண்ணனும், டைரியைப் புரட்டிய அம்மாவும், கைபேசியின் கடவுச்சொல்லைக் கேட்கும் கணவனும் இதையேதான் கேட்டார்கள். காட்ட மறுப்பதையே குற்றத்தின் சாட்சியாக்கிவிடுவது இக்கேள்வியின் தந்திரம்.

அகப்பாடல்களுக்கு இது தெரியும். ஊரின் பார்வை அலராகிறது. அலர் தாயின் காதுக்கு எட்டியதும் மகள் இற்செறிக்கப்படுகிறாள். கண்காணிப்புக்கு அடுத்த படி காவல்தான். அதே அகமரபுதான் காதலரின் இயற்பெயரைச் சுட்டக்கூடாது என்றும் விதித்தது. அதை வெறும் இலக்கண விதியாகவே பல ஆண்டுகள் பாடம் நடத்தினேன். ஒரு பெண்ணின் காதலைப் பாடலாம், அவள் இன்னாள் என்று காட்டிக்கொடுக்கக் கூடாது என்கிற அறமும் அதற்குள் இருப்பதாக இன்று எனக்குப் படுகிறது.

தாமதமாகத்தான் புரிந்தது. விடுதிப் பொறுப்பில் இருந்தபோது, ஒரு மாணவியிடமிருந்து வாங்கிவைத்த கைபேசியை அவள் தந்தை கேட்டதும் கொடுத்துவிட்டேன். பெற்றவர்தானே என்று நினைத்தேன். அடுத்த பருவத்துக்கு அவள் வரவில்லை. இற்செறிப்பைப் பாடமாக நடத்திய நான்தான் அதை நடத்தியும் வைத்தேன்.

பெண்ணியத்துக்குத் தனியுரிமையோடு பழைய வழக்கொன்று உண்டு. 'வீட்டு விவகாரம்' என்று சாத்தப்பட்ட கதவுக்குப் பின்னால்தான் அடியும் உதையும் நடந்தன. அதைத் திறக்கச் சொல்லிப் போராடித்தான் 2005இல் குடும்ப வன்முறைக்கு எதிரான சட்டம் வந்தது. இப்போது நாமே கதவைச் சாத்தச் சொல்வது முரண் இல்லையா?

இல்லை. அன்று காக்கப்பட்டது வீட்டின் மறைவு. தாழ்ப்பாள் ஆண் கையில் இருந்தது. நாம் கேட்பது அந்த வீட்டுக்குள் வாழும் ஒவ்வொருவருக்குமான தனியுரிமை. 2017 ஆகஸ்ட் 24 அன்று தனியுரிமையை அடிப்படை உரிமையென்று ஒருமனதாக அறிவித்த ஒன்பது நீதிபதிகள் அமர்வின் தீர்ப்பிலும், ஆணாதிக்கத்தை மூடிமறைக்கும் போர்வையாகத் தனியுரிமை ஆகிவிடக்கூடாது என்ற எச்சரிக்கை உண்டு.

ஆனாலும் தாழ்ப்பாள் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. மனைவியின் அழைப்புப் பதிவுகளை அவள் சம்மதமின்றி எடுத்துவந்த கணவனின் ஆவணத்தைச் சாட்சியமாக ஏற்க 2024 அக்டோபரில் மதுரைக் கிளை மறுத்தது. கணவன் ரகசியமாகப் பதிவு செய்த மனைவியின் பேச்சை மணமுறிவு வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒருவரையொருவர் உளவு பார்க்கும் நிலை வந்தாலே மணவாழ்வு உடைந்துவிட்டது என்பது அதன் வாதங்களுள் ஒன்று. இருக்கலாம். அடிபடுகிறவளுக்கும் ஒலிப்பதிவுதான் ஒரே சாட்சியாகலாம். அதை நான் மறக்கவில்லை. ஆனால் தன்மேல் ஏவப்படும் மிரட்டலைப் பதிவு செய்வதும், ஒருத்தியின் வாழ்க்கை முழுவதையும் பிடிமானத்துக்குள் வைக்க ஒட்டுக்கேட்பதும் ஒன்றல்ல. முன்னது தப்பிக்கும் வழி, பின்னது பூட்டு.

பார்ப்பவருக்கு எவ்வளவு அதிகாரம், பார்க்கப்படுபவருக்கு மறுக்க எவ்வளவு இடம் என்பதே இங்கு அறக்கேள்வி. இணையதளத்துக்கும் விடுதிக்கும் திருமணத்துக்கும் அது ஒன்றுதான்.

இந்த ஆண்டு விடுதிச் சேர்க்கைப் படிவம் என் மேசைக்கு வந்தது. 'மாணவியின் சமூக ஊடகக் கணக்குகள்' என்றொரு கட்டம் புதிதாகச் சேர்ந்திருந்தது. "இது எதற்கு?" என்று கேட்டேன். யாரிடமும் பதில் இல்லை. அந்தக் கட்டத்தை அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.