தோற்றவர் பக்கம் நிற்றல்

திருகோணமலைத் துறைமுகம் வென்றவரை வரவேற்றுப் பழகிய துறைமுகம். 1782ஆம் ஆண்டு ஒன்றனுள்ளேயே ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றினர். ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். 1795இல் ஆங்கிலேயக் கொடி மீண்டும் ஏறியது. 1957இல் அவர்தம் கடற்படைத்தளம் இலங்கையின் கைக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் கோட்டையின்மேற் பறந்தது வென்றவனின் கொடியே. கொடிக்கு அது இயல்பு. மனிதனுக்கும் அதுவே இயல்பாதல் வேண்டுமா? வென்றவனோடு சேர்ந்துகொள்வதற்கு எவரும் காரணம் கேட்பதில்லை. தோற்றுக்கொண்டேயிருப்பவனோடு நிற்பவனிடமோ காரணம் கேட்கப்படுகின்றது. அக்காரணம் அறத்தின்பாற்பட்டதா, வெறும் பழக்கமா, அன்றிப் பேதைமையா என்பது ஆராயத்தக்கது.

இவ்வினாவைப் போர்க்களத்திலோ அரசியலிலோ வைத்து ஆராயப் புகுந்தால் விடை கலங்கிவிடும். அங்கே ஒருவன் அச்சத்தால் நின்றானா, ஆதாயம் கருதி நின்றானா, அன்பினால் நின்றானா என்று பிரித்தறிதல் அரிது. அச்சமும் ஆதாயமும் குறுக்கிடாத ஒரு சிறிய இடத்திலிருந்து தொடங்குவதே தக்கது. விளையாட்டு மைதானம் அத்தகைய ஓரிடம்.

ஏகாம்பரம் மைதானத்தைச் சுற்றி மாலை வேளையில் நிற்கும் கூட்டத்தைக் கண்டவர், இத்துறைமுக மாவட்டத்தில் உதைபந்தாட்டம் எத்துணை ஆழமாக வேரூன்றியுள்ளது என்பதை அறிவர். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படுமுன், பாதையேறி நீரைக் கடந்துவந்து ஆட்டம் பார்த்துத் திரும்பியோரும் உண்டு. அக்கூட்டத்தில் நிற்கும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். அவர் சீனக்குடா மா ஆலையில் வேலை செய்பவராகவோ, மீன்பிடிப்பவராகவோ, பாடசாலை ஆசிரியராகவோ இருக்கலாம். அவரிடம் ஒரேயொரு விசித்திரம் உண்டு. உலகக் கிண்ணக் காலத்தில் அயலவரெல்லாம் பிரேசிலுக்கும் ஆர்ஜென்டீனாவுக்கும் ஆரவாரிக்க, அவர் மட்டும் இலங்கைத் தேசிய அணியைப் பின்தொடர்கின்றார்.

அவ்வணி உலகத் தரவரிசையில் இருநூறாம் இடத்துக்கும் கீழே கிடந்த காலத்தில் அவர் கண்டவற்றைச் சுருக்கமாக நோக்குவோம். 2022ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்துக்கான தகுதிகாண் சுற்று 2019 யூன் மாதம் தொடங்கியது. முதல் ஆட்டத்தில் மக்காவ் அணியிடம் இலங்கை 0-1 எனத் தோற்றது. கொழும்பில் நடைபெறவேண்டிய மறு ஆட்டத்துக்கு, அவ்வாண்டின் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின்பின் எழுந்த பாதுகாப்பு அச்சத்தால், மக்காவ் அணி வரவில்லை. ஆடாத ஆட்டம் 3-0 என இலங்கைக்கு வெற்றியாக வழங்கப்பட்டது. இவ்வாறு அடுத்த சுற்றுக்குச் சென்ற அணி அங்கு ஆடிய ஆட்டங்கள் அனைத்திலும் தோற்றது. 2019 ஒக்டோபரில் தென்கொரியாவிடம் அடைந்த தோல்வி 0-8. 2021 யூன் மாதத்தில், நாடு பெருந்தொற்றினால் முடங்கிக் கிடந்தபோது, லெபனானுக்கு எதிரான ஆட்டத்தில் வசீம் ராசிக் இரண்டு கோல்களை அடித்தார். ஒரு கணம் இலங்கை முன்னிலையும் பெற்றது. முடிவு 2-3. அச்சுற்றில் இலங்கை அடித்த கோல்கள் அவ்விரண்டே. பெற்றுக்கொண்டவை 23. புள்ளி, பூச்சியம்.

இத்தகைய அணியை ஒருவர் ஏன் பின்தொடர வேண்டும்? பொதுவாக மூன்று விடைகள் கூறப்படும்.

முதலாவது, நம்பிக்கை. இன்று தோற்றவர் நாளை வெல்வர் என்பது இதன் சாரம். ஆயின் நம்பிக்கையே பற்றின் அடித்தளமாயின், ஒவ்வொரு தோல்வியும் அப்பற்றைச் சிறிது அரித்திருத்தல் வேண்டும். எட்டாவது கோல் விழும்போது அது முற்றாக அழிந்திருத்தல் வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. மேலும், நாளைய வெற்றிக்காக இன்று நிற்பவன் வட்டிக்குப் பணம் கொடுத்தவனை ஒத்தவன். அவன் எதிர்பார்ப்பது திருப்பிச் செலுத்தப்படுவதை. அதனைப் பற்றுறுதி என்பதினும் முதலீடு என்பதே பொருந்தும்.

இரண்டாவது, பிறப்பு. இந்நாட்டிற் பிறந்தமையால் இந்நாட்டு அணி என்பர். பிறப்பு ஓர் உறவைத் தொடக்கிவைக்கலாம். அதனைத் தொடர்ந்து காப்பது பிறப்பன்று. அதே மண்ணிற் பிறந்த அயலவர் பிரேசிலின் மஞ்சட் சட்டையை அணிந்து நிற்பதே இதற்குச் சான்று.

மூன்றாவது, கடன். கோணேசர் கோயிலுக்குச் செல்வோர் காணும் இராவணன் வெட்டு, தோற்ற பக்கத்தில் நின்ற ஒருவனை நினைவூட்டாமற் போகாது. கம்பன் படைத்த கும்பகருணன், அண்ணன் செய்தது தவறென்று அவன் முகத்துக்கு நேரே சொன்னவன். தோல்வி உறுதியென்று அறிந்தவன். அறிந்தும் களம் புகுந்தவன். அவனைக் கட்டியது செஞ்சோற்றுக் கடன். ஊட்டி வளர்த்தவனுக்கு உயிரைக் கொடுத்தல் அவன் கண்ட அறம். ஆயின் திருகோணமலை இரசிகர் அணியின் சோற்றை உண்டவரல்லர். அணியும் அவரை அறியாது. ஆதலின் கடன் என்ற சொல்லும் இங்கே பொருந்துமாறில்லை.

மூன்று விடைகளும் நீங்கியபின் எஞ்சுவது யாது? அதனைக் காண்பதற்கு வேறொரு நாட்டின் அணியை நோக்குதல் பயன்தரும்.

1965இல் மேற்கு யேர்மனியின் முதற்பிரிவில் இருந்த ஹேர்த்தா பேர்லின் கழகம் நிதி விதிகளை மீறியமையால் நீக்கப்பட்டது. பேர்லின் நகருக்கு ஓர் அணி இருத்தல் வேண்டும் என்பதற்காகத் தஸ்மானியா பேர்லின் என்னும் கழகம் முதற்பிரிவுக்கு உயர்த்தப்பட்டது. இலங்கை அணியைப் போலவே அதுவும் ஆடி வெல்லாமற் பெற்ற வாய்ப்பு. முதல் ஆட்டத்தைக் காண 81,500 பேர் திரண்டனர். அவ்வாட்டத்தில் தஸ்மானியா வென்றது. அதன்பின் வந்தது தோல்விகளின் தொடர். 34 ஆட்டங்களில் இரண்டே வெற்றிகள். அடித்த கோல்கள் 15, பெற்றவை 108. 1966 சனவரி 15ஆம் நாள் நடைபெற்ற ஆட்டத்துக்கு அப்பெரிய அரங்கில் வந்திருந்தோர் 827 பேர் மட்டுமே. கோலெதுவுமின்றி அவ்வாட்டம் சமநிலையில் முடிந்தது.

81,500 பேரைப் பற்றி ஆராய ஒன்றுமில்லை. அவர்கள் விழாவுக்கு வந்தவர்கள். சிந்தனைக்குரியோர் அந்த 827 பேர். வெற்றியை எதிர்பார்க்க அவர்களுக்கு நியாயமில்லை. குளிர்காலத்தில் வீட்டிலிருப்பதைத் தடுப்பாரும் இல்லை. அவர்கள் வராதிருந்திருப்பின் என்ன குறைந்திருக்கும்? ஆட்டம் நடந்திருக்கும், முடிவும் ஏட்டில் ஏறியிருக்கும். ஆயின் ஏடு எல்லாவற்றையும் பதிவதில்லை.

0-8 என்று எழுதும் ஏடு, ஏழாவது கோல் விழுந்தபின்னும் பந்தைத் துரத்தித் தன் எல்லைக்கு ஓடிவந்த காவல் ஆட்டக்காரனின் மூச்சிரைப்பை எழுதாது. சொன் ஹியுங்-மின் போன்ற உலகப் புகழ்பெற்ற ஆட்டக்காரனின் எதிரே நின்று, தடுக்க இயலாதென்று அறிந்தும் தடுக்கப் பாய்ந்தவனின் பாய்ச்சலை எழுதாது. பயனற்றதாக முடிந்த முயற்சிக்கு விளைவு சான்று பகராது. வெற்றி தானே தனக்குச் சாட்சி. தோற்றவனின் உழைப்புக்கோ இன்னொருவரின் கண் வேண்டும். அந்தக் கண்ணாக இருப்பதே பற்றுறுதியின் தொழில்.

ஏடு எத்துணை நிலையற்றது என்பதற்கும் மேற்கூறிய சுற்றிலேயே சான்றுண்டு. ஆடாத ஓர் ஆட்டம் அங்கே வெற்றியாக நிற்கின்றது. ஆடிய ஓர் ஆட்டமோ மறைந்துவிட்டது. 2019 செப்டெம்பரில் கொழும்பில் வட கொரியாவிடம் இலங்கை 0-1 எனத் தோற்றது. பின்னர் வட கொரியா போட்டியிலிருந்து விலகவே அம்முடிவு நீக்கப்பட்டது. ஆகவே பட்டியலில் இலங்கைக்கு ஆறு தோல்விகள். கண்டவர் நினைவிலோ ஏழு. தோல்வி ஒன்று குறைந்தமைக்காக மகிழ்வதா? உண்மையான இரசிகர் மகிழார். அந்த ஏழாவது தோல்வியில் 90 நிமிடங்கள் ஓடியவர்களின் வியர்வையும் அதனோடு அழிக்கப்பட்டது என்பதே அவர் வருத்தம். அவ்வண்ணமே, மக்காவ் ஆட்டத்தின் 3-0 அவருக்கு வெற்றியாகவும் இனிக்காது. பற்றுறுதி என்பது பக்கச்சார்பன்று. நடந்ததை நடந்தவாறே வைத்திருத்தல் அது.

தமிழ் மரபு இதனை அறியாததன்று. மூவேந்தரும் முற்றுகையிட்ட பறம்பு வீழ்ந்தது, பாரி மறைந்தான். வென்றவர் அவைகளிற் பாடிப் பரிசில் பெறும் ஆற்றல் கபிலருக்கு இருந்தது. அவரோ பாரியின் மகளிரை அழைத்துக்கொண்டு அவர்களுக்கு வாழ்வு தேடி நடந்தார். வீழ்ந்த மலையைப் பாடினார். பறம்பை வென்றவரின் பெயர்களை நினைவுகூர்வோர் சிலர். பாரியை அறியாதார் இலர். கபிலர் பாரியின் தோல்வியைத் தடுக்கவில்லை. அத்தோல்வி பாரியின் முழு வரலாறாகிவிடாமல் தடுத்தார்.

ஈண்டு ஒரு தடை எழுப்பப்படலாம். தோற்றவர் பக்கமே நிற்றல் அறமென்றால், வீடணன் அறமிலியா? தவறிழைப்போரையும் விடாது பற்றிநிற்றல் தீமைக்குத் துணைபோதலன்றோ? இத்தடை வலிமையுடையது, பக்கச்சார்பு பகையாக முற்றியதன் விளைவுகளைக் கண்ட இம்மண்ணில் அதனை எளிதில் ஒதுக்குதல் தகாது. இரசிகக் கூட்டம் வெறிக் கூட்டமாதலும் உலகம் அறிந்ததே.

விடை ஒரு வேறுபாட்டில் உள்ளது. தோற்றமைக்காக விலகுதல் வேறு. தவறியமைக்காக விலகுதல் வேறு. வீடணன் விலகியது இராவணன் தோற்றமையாலன்று. அவன் வலிமையின் உச்சியில் இருந்தபோதே விலகினான். ஆதலின் அவன் விலகலிலும் அறம் உண்டு. கும்பகருணனோ தங்கினான், ஆயினும் தவறைத் தவறென்று சொல்லிய பின்னரே தங்கினான். இருவருக்கும் பொதுவானது உண்மை கூறல். அதுவன்றித் தங்குபவன் அடிமை. அதுவன்றி விலகுபவன் சந்தர்ப்பவாதி.

2023 சனவரியில், வெளியார் தலையீட்டைக் காரணங்காட்டி, சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஓகத்து மாத இறுதியிலேயே தடை நீங்கியது. இடையில் பெங்களூரில் தெற்காசியச் சம்பியன் போட்டி நடைபெற்றபோது இலங்கை அணிக்கு அங்கு இடமிருக்கவில்லை. தோற்பதற்குக்கூட வாய்ப்பற்ற காலம் அது. அக்காலத்தில் இரசிகரின் கடமை யாது? நிருவாகத்தின் குறைகளை மூடிமறைத்தலா? அன்று. அணியின்பால் உள்ள பற்றே நிருவாகத்தைக் கேள்வி கேட்கும் உரிமையைத் தருகின்றது. வெற்றிக்கு மட்டும் வந்தவன் கேள்வி கேட்கமாட்டான், அவன் போய்விடுவான். நின்றவனே கேட்பான்.

2024 செப்டெம்பரில் புனோம் பென் நகரில், ஆசியக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்தில், கம்போடியாவைத் தண்டனை உதைகளின் மூலம் இலங்கை வென்றது. காத்திருந்தவருக்கு அது பெருமகிழ்ச்சி என்பதில் ஐயமில்லை. ஆயின் இவ்வெற்றியைக் கொண்டு முன்னைய ஆண்டுகளின் பற்றுறுதிக்கு நியாயம் கற்பித்தல் தவறு. இவ்வெற்றி கிட்டாதிருந்தாலும் அப்பற்றுறுதியின் மதிப்பு ஓர் அணுவளவும் குறைந்திராது. கூலி கிடைத்தமையால் உயர்வதும் கிடையாமையால் தாழ்வதும் அறத்துக்கு இல்லை.

சிறிய இடத்தில் தொடங்கிய வினா பெரிய இடங்களுக்கும் செல்லும். நோயாளியின் கட்டிலருகே அமர்ந்திருப்பவனும், பேசுவோர் அருகிவரும் மொழியைக் கற்பிப்பவனும், வழக்கிலே தோற்ற ஏழையை விட்டகலாத நண்பனும் இவ்வறத்தின் பாற்பட்டவரே. அவர்களால் விளைவை மாற்ற இயலாமற் போகலாம். ஆயினும் விளைவு மட்டுமே மனிதனின் அளவுகோல் என்பதை அவர்களது இருப்பு மறுத்துக்கொண்டிருக்கின்றது. துறைமுகத்துக் கோட்டையில் கொடிகள் மாறலாம். மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் அம்மனிதர், ஆட்டம் முடிந்தது என்று ஊதல் ஒலிக்கும்வரை, நின்ற இடத்திலேயே நிற்கின்றார்.