அடிமரத்துப் பிளவு



பொதுக்காலத்தின் 12ஆம் ஞாயிறான இன்று, மாற்கு நற்செய்தியின் 4ஆம் அதிகாரத்திலிருந்து வாசிக்கக் கேட்டோம். புயல் அடிக்கிறது, படகுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது, ஆண்டவர் பின்பக்கம் தலையணையில் சாய்ந்து தூங்குகிறார். கனகம்மாசத்திரத்துக்காரர்களான நமக்குக் கடல் தூரம். நம் மாவட்டத்துக் கடலைப் பார்க்கப் பழவேற்காடு வரை போகவேண்டும். அங்கே மகிமை மாதா கோயிலுக்குப் போய் வந்தவர்கள் படகுகளையும் பார்த்திருப்பீர்கள்.

வாசகத்தில் ஒன்றைக் கவனியுங்கள். சீடர்களின் படகு ஓட்டைப் படகு என்று மாற்கு எங்கும் சொல்லவில்லை. தண்ணீர் மேலிருந்து, அலையாக வந்து விழுந்தது. நோய், விபத்து, மழை பொய்த்துப் போவது எல்லாம் அந்த வகைத் தண்ணீர்தான். அதற்கு ஆண்டவரை எழுப்புவதைத் தவிர வேறு வழியில்லை. கீழிருந்து ஊறும் தண்ணீர் ஒன்றும் உண்டு. அலை சத்தம் போட்டுக்கொண்டு வரும். கசிவுக்குச் சத்தமே இருக்காது. இன்று நான் பேச வந்தது அந்தத் தண்ணீரைப் பற்றி.

1960களில் பம்பாயில் ஒரு பாய்மரப் படகு கட்டினார்கள். 32 அடி நீளம், முழுக்கத் தேக்கு. நம் நாட்டுத் தச்சர்கள் வாய்ச்சியால் செதுக்கி, கையால் துளையிட்டுக் கட்டிய படகு. பெயர் சுஹைலி. கப்பல் அதிகாரியாக வேலை பார்த்த ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற இளைஞர், 1968 ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்திலிருந்து இந்தப் படகில் தன்னந்தனியாகப் புறப்பட்டார். எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் உலகைச் சுற்றி வருவதுதான் போட்டி. கிளம்பியவர்கள் ஒன்பது பேர்.

அட்லாண்டிக் கடலில் போகும்போதே படகின் அடிவயிற்றில் தண்ணீர் சேர ஆரம்பித்தது. அவரும் பம்பு அடித்து வெளியேற்றிக்கொண்டே போனார். பம்பு அடிக்கிறவரை படகு மிதக்கும், வேலையும் நடக்கும். ஆனால் போகவேண்டிய தூரமோ உலகம் முழுக்க. இப்படியே பம்பை நம்பித் தென்கடலின் பேரலைக்குள் போகமுடியாது என்று அவருக்குப் புரிந்தது. கேப் வெர்டே தீவுகளுக்குத் தெற்கே காற்று அடங்கிய நேரம் பார்த்துப் பாயை இறக்கிவிட்டு, தண்ணீருக்குள் குதித்து அடியில் போய்ப் பார்த்தார். படகின் முதுகெலும்பாக நீளும் ஏராக்கட்டையும் அதை ஒட்டிய பலகையும் சேரும் இடத்தில், இணைப்பு பல அடி நீளத்துக்குப் பிளந்து கிடந்தது. இரண்டு பக்கமும் அப்படியே.

அதை அடைத்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதலில் பிளவுக்குள் பஞ்சுத் திரியை வைத்து அடித்துப் பார்த்தார். ஓர் இடத்தில் அடித்து முடிப்பதற்குள் மூச்சு முட்டிவிடும். மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பினால், வைத்த பஞ்சு வெளியே வந்திருக்கும். பிறகு படகுக்குள் உட்கார்ந்து, நீளமான கித்தான் துண்டில் பஞ்சைத் தைத்து, தார் பூசி, செப்பு ஆணிகளை அதிலேயே முன்கூட்டிக் குத்திவைத்துக்கொண்டார். மறுபடி மூழ்கி, ஒரு மூச்சுக்கு முடிந்த அளவு ஆணி அடித்தார். நடுவில் ஒரு சுறா வந்து வட்டமிட்டது. மேலே ஏறித் துப்பாக்கியால் அதைச் சுட்டுவிட்டு, மற்றச் சுறாக்கள் வருகின்றனவா என்று பார்த்திருந்து, திரும்பவும் இறங்கினார். கித்தான் கிழிந்துவிடாமல் இருக்க அதன்மேல் செப்புத் தகடும் அடித்தார். அந்தப் படகு 1969 ஏப்ரல் 22 அன்று ஃபால்மத் திரும்பியது. ஒன்பது பேரில் போட்டியை முடித்தவர் அவர் ஒருவர்தான்.

அன்பானவர்களே, நம் வீடுகள் பலவற்றில் பம்பு ஓடிக்கொண்டிருக்கிறது. மாதா மாதம் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். குடித்துவிட்டு வந்தவரை ஊர் எழுவதற்குள் உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைக்கும் மனைவி. பாகப்பிரிவினையில் பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பி, கோயிலில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து சமாளிக்கும் சமாளிப்பு. இது சோம்பல் இல்லை. பம்பு அடிப்பவர்கள் உங்களில் மிகக் கடுமையாக உழைப்பவர்கள். அவர்களுடைய கை வலி எனக்குத் தெரியும். அந்த உழைப்பு பிளவைத் தொடவே இல்லை என்பதுதான் என் துக்கம்.

பிளவு எங்கே என்று கண்டுபிடிப்பதும் எளிதல்ல. வரப்பில் நண்டு வளை வைத்தால் தண்ணீர் இறங்குவது ஓர் இடம், வெளியே வருவது வேறோர் இடம், நீங்கள் அறியாததல்ல. பாய்மரப் படகிலும் தண்ணீர் உள்ளே புகுந்து, மரத்தின் வழியாக ஓடி, தாழ்வான இடம் பார்த்துத் தேங்கும். தேங்கிய இடத்தை அடைத்துப் பயனில்லை. அனுபவசாலிகள் முதலில் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். உப்புக் கரித்தால் கடல்நீர். கரிக்காவிட்டால் மேல்தளத்தில் ஒழுகிய மழையோ, உள்ளே இருக்கும் குடிநீர்த் தொட்டியோ. பிறகு அடிவயிற்றைச் சொட்டு இல்லாமல் துடைத்து உலர்த்திவிட்டுக் காத்திருந்து, முதல் ஈரம் எங்கே படருகிறது என்று பார்ப்பார்கள். அடியிலுள்ள கனத்த இரும்பைப் பிடித்திருக்கும் ஆணிகளின் ஓரமா, இயந்திரத் தண்டு வெளியே போகும் துளையா, பலகை இணைப்பா? படகு சாயும்போது மட்டும் கசிகிறதா, நிற்கும்போதும் கசிகிறதா?

ஆன்ம சோதனை என்று நாம் சொல்வதும் இந்த வேலைதான். குழம்பில் உப்புக் குறைந்ததற்கா அன்று தட்டை வீசினீர்கள்? அந்தக் கோபம் அடுப்படியில் தொடங்கியதா, மனைவிக்குச் சொல்லாமல் எடுத்த சீட்டுப் பணத்தில் தொடங்கியதா? அவசரப்படாதீர்கள். துடைத்துவிட்டுக் காத்திருங்கள்.

பல ஆண்டுகள் கோயில் பக்கம் வராதவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். தூத்துக்குடியில் தோணி கட்டும் ஓடாவிகள் பலகை இணைப்புகளில் பஞ்சு திணித்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியம் பூசிக் கலப்பத்துப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட மரக்கலத்தையும் நெடுநாள் கரையில் வெயிலில் விட்டால் மரம் சுருங்கி இணைப்புகள் வாய்திறக்கும். திரும்ப இறக்கியதும் தண்ணீர் உள்ளே வரும். பயந்து கரையேற்றிவிடக் கூடாது. தண்ணீரில் இருக்க இருக்க மரம் ஊறிப் பருத்து இணைப்புகள் தானாக நெருங்கும். திரும்பி வந்த முதல் ஞாயிறுகளில் உங்கள் நெஞ்சு ஒட்டாமல் இருந்தால், திருப்பலி நடுவில் எழுந்து போகத் தோன்றினால், கொஞ்சம் பொறுங்கள். ஊற வேண்டியது ஊறட்டும்.

தனியாக அடைக்க முடியாத பிளவுகளும் உண்டு. திருத்தூதர் பணிகள் 27ஆம் அதிகாரத்தில் பவுல் போன கப்பல் புயலில் சிக்கியபோது, மாலுமிகள் கப்பலைச் சுற்றி வடம் போட்டு இறுக்கிக் கட்டினார்கள். குடியில் சிக்கிய ஒருவர் தம் மனவுறுதியால் மட்டும் மீள்வார் என்று நான் நம்பவில்லை. அவருக்கு மருத்துவர் வேண்டும். குடும்பமும் அன்பியத்தில் நாலு பேரும் சுற்றி நிற்கவேண்டும். அவரைப் பற்றி டீக்கடையில் பேசுவதை நிறுத்துவதே நாம் போடும் முதல் வடம்.

வருகிற சனிக்கிழமை மாலை 5 மணியிலிருந்து ஒப்புரவு அருட்சாதனத்துக்காகக் கோயிலில் உட்கார்ந்திருப்பேன். பெரிய பட்டியல் கொண்டுவர வேண்டாம். முதல் ஈரம் கண்ட இடத்தைச் சொன்னால் போதும். நாக்ஸ்-ஜான்ஸ்டனும் ஒரு பக்கத்தை முடித்துவிட்டு, மறுபடி காற்று அடங்கும்வரை காத்திருந்துதான் அடுத்த பக்கத்துக்கு இறங்கினார். பாவம் என்று சொல்லத் தெரியவில்லை, மனம் மட்டும் கனக்கிறது என்பவர்கள் பங்கு இல்லத்துக்கு எந்த நேரமும் வரலாம். வேறு சமயத்து மருமகளோ, மருமகனோ, அக்கம்பக்கத்தாரோ, அவர்களையும் கூட்டி வாருங்கள்.